துவக்கு கழுவிய கெண்டி

என் மகளின் வீடு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பனிநாட்டில், அஜின்கோர்ட்டில் இருக்கிறது. அதன் நிலவறையில் ஒரு மூலை என் சுவாமிக்கு. எதிர் மூலை மருமகனின் துவக்குக்கு. நடுவே துணி துவைக்கும் இயந்திரமும் ஒரு தொட்டியும். விடியலில் நீராடி, திருநீறு தரித்து, நான் பதிகம் பாட அமரும்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தத் துப்பாக்கி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். மனிதரைக் கொல்வதற்கென்றே வார்க்கப்பட்ட குழலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருவருளைப் பாடுவது என்ன கொடுமை என்பதை நான் எவருக்கும் விளக்கப் போவதில்லை.

அது பழம்பொருளாம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியச் சிப்பாய் ஒருவன் தோளில் சுமந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கிச் சுடவேண்டும். துவக்குச் சத்தத்துக்கு அஞ்சிக் கடல் தாண்டி வந்த குடும்பத்துப் பிள்ளை, அதே சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கி, ஞாயிறுதோறும் ஒஷாவாவுக்கு அப்பால் உள்ள சுடுதளத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டு மகிழ்கிறார்.

“உது ஆயுதம் இல்லை மாமா, சரித்திரம்” என்றார் ஒருநாள்.

“சரித்திரமெண்டால் துடைச்சுப்போட்டு அலுமாரிக்குள்ள வையுங்கோ. என்னத்துக்குச் சுடுறியள்?”

“சுடாட்டில் அது வெறும் இரும்பு.”

“சுட்டால்?”

அவர் சிரித்தார். என் மகள் தேநீர்க் கோப்பையைச் சற்று ஓசையோடு மேசையில் வைத்தாள். அன்றைய பேச்சு அவ்வளவில் முடிந்தது.

கரிமருந்து இட்டுச் சுட்ட துவக்கை அன்றைக்கே கழுவவேண்டும். கரியும் கந்தகமும் வெடியுப்பும் எரிந்து குழலுக்குள் படியும் அழுக்கு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். கொதிக்கும் சவுக்கார நீரை வாய்வழியே வார்த்தால் அடித்துளையால் கறுப்பாக வடியும். தெளிந்த நீர் வரும்வரை வார்க்கவேண்டும். இதை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை பூக்களை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கியபோது கண்ணால் கண்டேன். தொட்டிக்குள் துவக்கு செங்குத்தாக நிற்க, அதன் வாய்க்குள் மூக்கைச் செருகியபடி மருமகனின் கையில் இருந்தது என் கெண்டி. நாள்தோறும் நான் திருமஞ்சனம் ஆட்டும் பித்தளைக் கெண்டி.

“என்ன செய்யிறியள்?”

“கழுவிறன் மாமா. உதின்ர மூக்கு குழலுக்கு அளவாய்க் கிடக்குது. கேத்திலால வார்த்தால் எல்லாம் வெளியில ஊத்துது.”

“அது சுவாமியின்ர கெண்டி.”

“ஓம், தெரியும். நான் நல்லாக் கழுவித்தானே திருப்பி வைக்கிறனான்.”

அன்று முதன்முறை அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கெண்டியை வாங்கி முகர்ந்தேன். அழுகிய முட்டையின் நாற்றம். புளி தேய்த்து, சாம்பல் இட்டு நான் துலக்கிய பாத்திரத்தில் இந்த மனிதர் எத்தனை வாரமாகப் பீரங்கிக் கழுநீரை ஊற்றி வந்தாரோ! நஞ்சை அமுதென ஏற்றுக் கண்டத்தில் நிறுத்தியவனுக்கு இது ஒரு பொருட்டன்று. எனக்குப் பொருட்டு. கெண்டியை அவருடைய வேலை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவினேன். மறுநாள் புதிது ஒன்று வாங்கினேன். பழையதை அதன்பின் நான் தொடவில்லை. வீம்புக்காக அவரும் தொடவில்லை. அது அந்த மேசையிலேயே அநாதையாகக் கிடந்தது.

அடுத்து வந்தது மாற்று மருந்து. கரிமருந்து தேடி அலைவது கடினமாகிவிட்டதாம்; அதற்குப் பதிலாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றை வாங்கிவந்தார். அதே புகை, அதே முழக்கம், ஆனால் நாற்றமும் அழுக்கும் குறைவு என்று பெருமையடித்தார். அந்த மருந்து டின்னைக் கராஜில் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தார்.

“இனிச் சுடுதண்ணி வேலை இல்லை. எண்ணெய்த் துணியை ஒருக்கா உள்ளுக்கை விட்டு இழுத்தால் சரி. உங்கட கெண்டிக்கும் பென்சன் குடுத்தாச்சு, மாமா.”

அந்த ‘மாமா’வில் இருந்த நஞ்சை என் செவி அறியும். நான் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுப் பாடத் தொடங்கினேன். வேண்டுமென்றே உரத்த குரலில்.

கோடை முடிவதற்குள் ஒருநாள், அவர் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் விளக்கடித்தார். உள்ளே செந்துரு. என்னை நோக்கித் திரும்பிய முகத்தில் ஐயமே இல்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்ற தெளிவு இருந்தது.

“காலமை காலமை தண்ணியை ஊத்துறியள், கற்பூரத்தைக் கொளுத்துறியள். பேஸ்மன்ட் முழுக்க ஈரமும் புகையும். இரும்பு எப்பிடித் தாங்கும்? சாமியைக் கராஜுக்கு மாத்துங்கோ.”

“விண்டரில அங்க தண்ணி கட்டியாய்ப் போகும்.”

“ஒரு ஹீற்றர் வைப்பம்.”

“அந்த ஹீற்றரைத் துவக்குக்கு வையுங்கோவன். துவக்குக்குக் குளிரும், சாமிக்குக் குளிராதோ?”

படிக்கட்டில் நின்ற மகள் சிரித்துவிட்டு உடனே சினந்தாள். “மருந்து டின் கிடக்கிற கராஜில அப்பா விளக்குக் கொளுத்தட்டோ? எல்லாரும் வீட்டோட சேர்ந்து மேல போவமே?”

“பற்றறி விளக்கு வைக்கலாம்” என்றார் அவர். “மாசம் முடியிறதுக்குள்ள மாத்திப்போடுங்கோ.”

வீடு அவருடையது. அவர் மாற்று என்றால் மாற்றத்தான் வேண்டும். மூன்று மதில்களை ஒரு முறுவலால் நீறாக்கியவனுக்கு மருந்தும் தேவைப்படவில்லை, மாற்று மருந்தும் தேவைப்படவில்லை. அத்தகையவன் முன்னே பற்றறியில் எரியும் பொய்ச்சுடரை வைத்துவிட்டு, பனிப்பாதணிகளுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே நின்று நான் பாடவேண்டும். அந்த வாரம் முழுவதும் பதிகத்தின் அடிகள் என் நாவில் முறிந்து முறிந்து விழுந்தன. அவருடைய துவக்கு தூளாகப் போகட்டும் என்று சுவாமியிடமே கேட்டேன். அதை மறைப்பதற்கில்லை.

வெள்ளிக்கிழமை என்னைக் கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவது அவருடைய முறை. நான் பின்னிருக்கையில் அமர்ந்தேன். ஒரு திருப்பத்தில் முன்னிருக்கையின் அடியிலிருந்து ஏதோ உருண்டுவந்து என் காலில் இடித்தது. குனிந்து பார்த்தேன். ஓர் இரும்புக்கோல். அது உரசிய இடத்தில், வெளுத்து மடித்து உடுத்த என் வேட்டியில், செங்கல் நிறத்தில் நீளமாக ஒரு கறை.

“இது என்ன?”

அவர் கண்ணாடியில் பார்த்தார். “மருந்து இடிக்கிற கோல். அங்கயோ கிடக்குது? நான் எங்கயெல்லாம் தேடிப்போட்டுப் பிறகு வேற ஒண்டு வாங்கினனான்.”

“எப்ப தொட்டு இங்க கிடக்குது?”

“புது மருந்தோட முதல் சுடப் போன அண்டு தொட்டு.”

“கழுவினியளோ?”

“இல்லை. அதுதான் சொன்னனே, இந்த மருந்துக்குக் கழுவத் தேவை...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சிவப்பு விளக்கில் கார் நின்றது. நான் கோலை அவர் தோளுக்கு மேலால் நீட்டினேன். நுனியிலிருந்து நடுவரை துரு அப்பிக் கிடந்தது.

“தம்பி, நான் உங்கட காருக்குள்ள எப்பவாவது அபிஷேகம் செய்தனானோ?”

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வாகனம் ஒலியெழுப்பியது. அவருடைய காதுகள் சிவந்ததை நான் நன்றாகப் பார்த்தேன், பார்த்து மகிழ்ந்தேன். கோவில் வாசலில் இறங்கும்போது கோலை இருக்கையில் வைத்தேன். கறையை மறைக்காமலே சந்நிதியில் நின்றேன்.

அன்று மாலை நிலவறையிலிருந்து நீர் வார்க்கும் ஓசை கேட்டது. இறங்கிப் போனேன். தொட்டியில் சிவந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது அந்தப் பழைய கெண்டி. என்னை ஏறிட்டுப் பார்க்காமலே வார்த்தார்; துடைத்தார்; குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“துரு திண்டு பள்ளம் விழுந்திட்டுது” என்றார், யாருக்கும் அல்லாமல்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கராஜ் பேச்சை எடுக்கவுமில்லை. மாதம் முடிந்தது; சுவாமி தம் மூலையிலேயே இருக்கிறார்.

இப்போதும் ஞாயிறு மாலைகளில் அவர் ஒரு பக்கம் நின்று கெண்டியால் வார்க்கிறார். நான் மறுபக்கம் அமர்ந்து பாடுகிறேன். ஒரே அறையில் இரண்டு திருமஞ்சனம். இரண்டும் ஒன்றையொன்று வெறுக்கின்றன. அந்த வேட்டியை நான் வெளுக்கவில்லை. நிலவறையில் துணி உலர்த்தும் கொடியில், கறை வெளித்தெரிய விரித்து, அவருடைய மேசைக்கு நேரெதிரே போட்டிருக்கிறேன். எடுக்கச் சொல்லி அவர் இன்னும் கேட்கவில்லை.