கிட் கிளவுஸ்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், காலண்டர் மாட்டுவதுபோல ஒவ்வொரு அறைச் சுவரிலும் கையுறைப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு முகம் துடைத்துவிட ஒரு ஜோடி, அவருக்கே கஞ்சி ஊட்ட வேறொரு ஜோடி. அயர்லாந்துக்கு வந்து மூன்று வருடமாகியும், போட்டதைக் கழற்றிக் குப்பையில் எறியும்போது என் கை தயங்கும். கிளவுஸ் என்ற சொல்லும் இங்கே சும்மா இருப்பதில்லை. கார் முன்சீட்டுக்கு எதிரேயுள்ள சின்ன அறையில் மிட்டாய்க் காகிதம் மட்டுமே கிடந்தாலும் அதற்குப் பெயர் கிளவுஸ் பெட்டி. சட்டை அளவாக அமைந்தால் கிளவுஸ் மாதிரி இருக்கிறது என்பார்கள். இரண்டு பேர் கள்ளத்தனமாகக் கூட்டுச் சேர்ந்தால், கையும் கிளவுஸுமாம்.

போன மாதம் ஒரு காலையில் எங்கள் சூப்பர்வைசர் அம்மாள், ஏழாம் அறைப் பெரியவரின் மனைவி இறந்துவிட்டதாகச் சொல்லி, இன்று அவருக்கு ‘கிட் கிளவுஸ்’ என்றார். நான் ஸ்டோருக்குப் போய்ப் புதிய கையுறைப் பெட்டியோடு வந்து நின்றேன். அவர் சிரித்தார், கேலியாக இல்லை. கிட் என்றால் ஆட்டுக்குட்டி, அதன் தோலில் தைத்த மெல்லிய கையுறை; ஒருவரை மனம் நோகாமல் பதமாக நடத்து என்பதை அப்படிச் சொல்வோம் என்று விளக்கினார். நானும் சிரித்திருக்க வேண்டும். பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில், குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எடை எழுதப் போனேன். நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆங்கிலம் தெரிந்தவள் என்ற பெயர் எனக்கு. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா அங்கே காயெடுத்தார். பூச்சிமருந்தடித்த மறுநாளே செடிக்குள் கைவிடுவதால் பெண்களுக்கெல்லாம் உள்ளங்கை எரிந்து தோல் உரிந்தது. கிளவுஸ் கேட்டு அலுத்துப்போய், லேபர் ஆபீசர் ஆய்வுக்கு வரும்போது புகார் சொல்வதென்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம், மேனேஜருக்கு முதலாளி ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் எடை மேசையில் கிடந்தது. செல்வி அக்கா எடுத்து நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஆய்வு முடியும்வரை தொழிலாளர்களைக் ‘கிட் கிளவுஸ்’ கொண்டு கையாளவும் என்றிருந்தது. கிட் என்றால் ஒரு செட் சாமான் என்றுதான் எனக்குத் தெரியும். கடைசி எழுத்தாக ‘t’ போட வேண்டிய இடத்தில் முதலாளி தப்பாக ‘d’ போட்டுவிட்டார் என்று நானே திருத்திக்கொண்டு, “கிளவுஸ் குடுக்கப் போறாங்கக்கா, செட்டா” என்றேன்.

ஆபீசர் வந்து, பராதி, அதாவது புகார், ஏதும் உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். செல்வி அக்காதான் முன்னால் நின்றார். “பராதி ஒண்ணும் இல்ல சார். கிளவுஸ் வருது.”

அவர் அதை எழுதிக்கொண்டு போனார். கிளவுஸ் வரவில்லை. நான் நர்சிங் படிக்கப் போய்விட்டேன். இரண்டு மழைக்காலம் கழிந்து, அக்காவின் விரல்கள் மடங்காமல் போனதும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லீவுக்குப் போனபோதெல்லாம் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுவார். ஏனென்று நான் கேட்டதில்லை. கேட்டால் அந்தக் கடிதத்தின் பேச்சு வந்துவிடும் என்ற பயம் அப்போதே எனக்குள் இருந்திருக்கிறது.

சூப்பர்வைசர் விளக்கிய பிறகு ஒரு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு மதிய இடைவேளையில் அக்காவுக்குப் போன் செய்தேன். ஆபீசர் போகும்வரை உங்களிடம் பதமாக நடக்கும்படி எழுதியதைத்தான் கிளவுஸ் தருவதாக வாசித்தேன், ஒரு சொல் புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாசித்தேன் என்றேன்.

“நான் முதலாளிகிட்ட துட்டு வாங்கிட்டுப் பொய் சொன்னேன்னு எல்லாரும் ஏசுனாளுக” என்றார் அக்கா. “ஒம் பேர நான் சொல்லல.” பிறகு கேட்டார்: “அங்கிட்டு ஒனக்குக் கிளவுஸ் குடுக்காங்களா?”

“குடுக்காங்கக்கா.”

“போட்டுக்க.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது நடையில் ஏதோ ஓர் அறையிலிருந்து பெரியவர் யாரோ மணி அடித்தார். பதறிப்போய்க் கதவைப் பார்த்து “இந்தா வாரேன்” என்று தமிழில் கத்தினேன். போனில் அக்காவிடமோ, இங்கே நாள் முழுக்கப் பெரியவர்களிடம் சொல்லிப் பழகிய அதே குரலில், “ஐ ஆம் சோ சாரி” என்றேன்.