இறுக்கிப் பிடித்த விரல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போரால் தீவுக்கு ஓடும் வள்ளம் எப்போது நிற்குமோ என்ற பயம் வேறு. மூன்று வயது நிரம்பாத மகளுக்கு ஏடு தொடக்கி முதலெழுத்து எழுதுவிக்க, அவளையும் மனைவியையும் கரம்பொனிலிருந்து நயினாதீவுக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோயிலுக்குள் போகும்போதே பிள்ளை வெயிலில் துவண்டுவிட்டாள்.

பச்சரிசியில் ‘அ’ எழுத மறுத்துக் கையை இழுத்தாள். நான் விரலை இறுக்கிப் பிடித்து அழுத்தினேன். வீறிட்டாள்.

“அழப்படாது, எழுது!”

“விடும் தம்பி, பிள்ளைக்கு ஏலாது” என்றார் ஐயர். நான் விடவில்லை.

திரும்பும் வள்ளத்தில் மூவருமே களைத்திருந்தோம். கடல்நீர் தெறித்த பலகையில், மகள் என் விரலைப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். நொந்தது.

“அழப்படாது, எழுது!” என்றாள்.

“ஆரிட்டப் படிச்சவளாம்?” என்றாள் மனைவி.

அன்று மகள் என்னிடம் கற்றது அந்தப் பிடியை மட்டும்தான்.