மாதா எந்தக் கட்சி?

போலந்தில் எங்கள் ஒல்ஷான்கா கிராமத்தில் கெனோவெஃபாவைத் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பீட்ரூட் சூப் காய்ச்சுகிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். ஆனால் விண்ணேற்பு மாதா திருநாளன்று சப்பரத்தின் முன்கொம்பு அவள் தோளில்தான் ஏறும். செங்கொடி ஆட்சிக் காலத்தில், பலபேர் பயந்து வீட்டுக்குள் இருந்தபோதே பிடித்த இடம் அது. வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், அதை மட்டும் மாட்டாள்.

அந்த வருஷம் தேர்தல் நெருங்கியிருந்தது. 'நாடும் வீடும்' என்று ஒரு கட்சி. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு உதவித்தொகை கொடுத்த ஆளுங்கட்சி. போன தடவை கெனோவெஃபாவும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

திருநாளன்று கோதுமைக் கதிர், கசகசாக் காய், மூலிகை எல்லாம் சேர்த்துச் சிறு கட்டாகக் கட்டி, சாமியாரிடம் மந்திரித்து வாங்கப் பெண்கள் வந்தார்கள். கோயில் வாசலில் கட்சியின் ஊர்த் தலைவர் போக்தான் பெட்டி நிறைய நீல நாடாவோடு நின்றார். நாடாவில் கட்சிப் பெயர்.

"கட்டுல சுத்திக்கங்க. நாடா இல்லாதவங்க சப்பரம் தூக்க வேணாம். நம்ம ஆளு யாரு, அந்நியன் யாருன்னு தெரியட்டும்."

கூடச் சப்பரம் தூக்கும் ஹலினா நாடாவைச் சுற்றியபடியே காதைக் கடித்தாள். "சுத்திக்கயேன்க்கா. கோயில் கூரைக்குத் தகரம் தர்றேன்னிருக்காரு. நாடா என்ன கடிக்கவா போகுது?"

"தகரம் தரட்டும், வாங்கிக்குவோம். மாதா எந்தக் கட்சியிலயும் சேரல ஹலினா. சேர்ந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா."

சொல்லிவிட்டு, நாடா சுற்றாத மூலிகைக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே போய் முன்கொம்பைப் பிடித்தாள். பங்குச்சாமியார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக்தான் மைக்கைப் பிடித்தார். "செங்கொடிக்காரங்க நம்மளச் சாமி கும்பிட விடல. அவங்க கொட்டத்தை அடக்கினது நாம. இன்னிக்கு நமக்குள்ளயே ஒருத்தங்க..." சட்டென்று அவள் பக்கம் திரும்பி அதட்டினார். "ஒழுங்கைக் குலைக்காதீங்க, தோழர் கெனோவெஃபா."

தோழர்! அந்தச் சொல்லை ஊரில் யாரும் வாயில் வைத்துப் பல வருஷமாகிறது. செங்கொடி ஆட்சியில் கூட்டுப்பண்ணைக் கட்சிச் செயலாளராக இருந்தபோது போக்தான் எல்லாரையும் அப்படித்தான் அதட்டுவார். இதே வாசலில் நின்று கோயிலுக்கு வருகிறவர்களை முறைத்தவரும் அவர்தான். பின்வரிசையில் ஒரு கிழவர் இருமுவதுபோல் சிரித்தார். அது பரவிவிட்டது.

"சட்டையத்தான் மாத்தியிருக்கீங்கய்யா," என்றாள் கெனோவெஃபா மெதுவாக. "நாக்கு இன்னும் பழைய கட்சியிலதான் இருக்கு. அப்பவும் தூக்காதேன்னீங்க, தூக்கினேன். இப்பவும் தூக்குறேன்."

போக்தானுக்கு முகம் சிவந்தது. "சமையக்கட்டுப் பக்கம் வந்து பேசிக்கிறேன்."

"வாங்க. சூப் சூடா இருக்கும்."

ஹலினா நாடாவை அவிழ்க்கவில்லை. ஆனாலும் வந்து பக்கத்துக் கொம்பைப் பிடித்தாள். பின்கொம்பு தூக்கும் மற்ற இருவரும் வந்தார்கள். சாமியார் பாட்டெடுத்தார். சப்பரம் எழும்பியது.

தேர்தலில் எங்கள் ஊரிலும் அந்தக் கட்சிதான் ஜெயித்தது. குளிர்காலம் வருவதற்குள் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலை வேறொருத்திக்குப் போனது. கெனோவெஃபா பக்கத்து ஊர் ரொட்டிக்கடை வேலைக்கு சைக்கிள் மிதிக்கிறாள்.

அடுத்த திருநாளுக்கும் நாடா இல்லாத கட்டோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"வேலை போச்சேக்கா," என்றாள் ஹலினா.

"அது அவங்க குடுத்தது, எடுத்துக்கிட்டாங்க. தோள் மாதா குடுத்தது. பிடி, நேரமாச்சு."