இரண்டு கையெழுத்து கேட்கக் கூசிய ஹோல்கர்

ஹோல்கர் தங்கமான மனிதர் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் சாகும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வயதில் இவ்வளவு வெறுப்பு உடம்புக்கு ஆகாது என்கிறார் என் வீட்டுக்காரர் ஸ்டெல்லான். ஆகாவிட்டால் போகட்டும்.

வேர்ம்லாந்து மாகாணத்தில் ஏரியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஹோல்கர் ஊராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டியவர். ஊர் எழுந்திருக்கும் முன்பே பெரிய சாலையை வாரி முடித்துவிட்டு, பிறகு தன் சொந்த டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் எல்லோர் வீட்டு வாசலையும் வாரிவிட்டுப் போவார். யாரும் கேட்டதில்லை, அவரும் காசு வாங்கியதில்லை. ஸ்டெல்லான் கால் ஒடிந்து கிடந்த பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்கு விறகு வெட்டி அடுக்கிக் கொடுத்தது அவர்தான். நன்றி சொல்லப் போனால் முகம் சிவந்து கொட்டகைக்குள் போய்விடுவார். ஒரு தடவை கேக் செய்து கொடுத்தனுப்பினேன். அந்தப் பாத்திரம் மான் இறைச்சியோடு திரும்பி வந்தது. யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது, அதுதான் அவருடைய கணக்கு.

ஆனால் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்த வாரத்தில் எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கொட்டகையிலிருந்து வீட்டுக்குத் தவழ்ந்து போயிருக்கிறார். எதிர் வீட்டில் நாங்கள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எங்கள் ஊரில் அடக்கம் என்பார்கள். சவ அடக்கத்தின்போது பாதிரியாரும் அதையே சொன்னார், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்த மனிதர் என்று. அன்று நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மாய்-லிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு வந்தவள், வடக்கத்திக்காரி. ஒல்லியாக இருப்பாள், ஆனால் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். வந்த மறு வருஷமே ஹோல்கரின் வீட்டுக்குக் குடிபோனாள். அப்பா வழியில் அவருக்கு வந்த மஞ்சள் மரவீடு அது. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவளுக்கு வேறு வீடு கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கே அதை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை, பாதித் தெரு அப்படித்தான் வாழ்கிறது. ஒரே ஒரு தடவை அவள் கேட்டாளாம். நாலு பேர் முன்னால் போய் நிற்க வேண்டுமே, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்றாராம் அவர். அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

வீட்டுச் செலவை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டுச் செலவும் மின்சாரமும் அவளுடையது, கூரையும் கிணறும் சுவரும் அவருடையது. நியாயமான பங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் சம்பளம் தின்று தீர்ந்துவிட்டது, அவர் சம்பளம் சுவராக நின்றுவிட்டது. இதில் இருக்கும் அநியாயம் எங்கள் யார் மண்டையிலும் அன்று உறைக்கவில்லை.

இதயம் பழுதாகிவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு ஹோல்கர் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். சாவதற்கு முன்னால் தன் சாமான்களைத் தானே ஒழித்துவைப்பது எங்களிடம் ஒரு வழக்கம், பின்னால் வருகிறவர்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று. அவரைப்போல் அதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சாவியிலும் சீட்டு ஒட்டினார். பனிச்சறுக்குக் கட்டைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டார். கல்லறைச் சடங்குக்கு எந்தப் பாட்டு, எந்தக் கடை காபி, அதோடு என்ன சாண்ட்விச் என்பது வரைக்கும் எழுதிவைத்தார். ஒரு நாள் மாய்-லிஸிடம், “உன் விஷயத்தையும் பார்த்து வெச்சுட்டேன்” என்றாராம். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவளும் இந்த நாட்டில் பிறந்தவள்தானே, கேட்பது அவளுக்கும் கூச்சம்.

இலையுதிர் காலத்தில் அவர் போனார். சொத்துக் கணக்கு எடுக்க ஒரு வக்கீலம்மா வீட்டுக்கு வந்தாள். மாய்-லிஸுக்குத் துணையாக நான் போய் உட்கார்ந்தேன். ஹோல்கருக்குப் பிள்ளை குட்டி இல்லை. இரத்த உறவென்று மிச்சம் இருந்தது செத்துப்போன தம்பியின் மகன் கென்னெத் மட்டும்தான். கோத்தன்பர்க்கில் நல்ல வேலையில் இருக்கிறவன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு சரி. அவனும் வந்திருந்தான். வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மாய்-லிஸ் கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு, மேஜையின் ஓரமாக அடக்கமாக உட்கார்ந்துகொண்டான்.

ஹோல்கரின் உயில், சீட்டு ஒட்டிய உறையில், வைக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வீடும் நிலமும் மாய்-லிஸுக்கு என்று அச்சடித்ததுபோன்ற எழுத்தில் எழுதியிருந்தார். அவர் கையெழுத்தும் இருந்தது. அதன் கீழே இரண்டு கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டவை. இரண்டும் காலியாக இருந்தன.

“எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சாட்சி போடலியே” என்றாள் வக்கீலம்மா.

சாட்சி என்றால் என்ன என்று மாய்-லிஸ் கேட்டாள். வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னாள். இரண்டு பேர் ஒன்றாக நின்று, அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, தங்கள் கையெழுத்தைக் கீழே போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கக்கூடத் தேவையில்லை. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு, உயில் செல்லவில்லை என்றால், அந்த வீட்டில் ஓர் ஓடுகூடக் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய சோபா, கட்டில், குளிர்ப்பெட்டி ஆகியவற்றில் பாதி கிடைக்கும்.

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எத்தனை வருஷமாக சனிக்கிழமை தவறாமல் நானும் ஸ்டெல்லானும் அதே மேஜையில் காபியும் ஏலக்காய் பன்னும் சாப்பிட்டிருக்கிறோம்! நாங்கள் இரண்டு பேர், கோடுகளும் இரண்டு. பன் தட்டை நகர்த்திவிட்டு அந்தக் காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும். அதைக் கேட்கக் கூசியிருக்கிறார் அந்தப் பெரிய மனிதர். தெரு முழுக்க வாசலை வாரிக் கொடுத்துவிட்டு, தெருவில் இரண்டு பேரிடம் ஒரு கையெழுத்து கேட்க நா எழவில்லை. இதற்குப் பெயர் அடக்கமா? எல்லோரும் எனக்குக் கடன்பட்டிருக்கட்டும், நான் யாருக்கும் படமாட்டேன் என்கிற அகம்பாவம் இது. அதற்கு விலை கொடுக்கப்போவது அவர் இல்லை என்பதால் அவருக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது.

ஒரு வழி இருந்தது. அதையும் வக்கீலம்மாவே சொன்னாள். சாட்சி இல்லாத உயிலாக இருந்தாலும், வாரிசு ஆறு மாதத்துக்குள் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் அதுவே செல்லுபடியாகிவிடும். கென்னெத் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எல்லோரும் அவனைப் பார்த்தோம். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் காபிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அவனிடம் ஒரு வார்த்தை கேள் என்று மாய்-லிஸைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொன்னேன். கேட்டால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. கடைசியில் அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு இழுத்து வந்து, அவள் கண்முன்னாலேயே நான் கென்னெத்துக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லானுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் வைத்தேன். எழுதினதை எழுதினபடி விட்டுவிடு தம்பி, உன் பெரியப்பாவின் ஆசை உன் கையில்தான் இருக்கிறது என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க நல்லதுக்குத்தான் பேசறீங்க இர்மா, நான் தப்பா எடுத்துக்கலை. ஆனா ஒண்ணு சொல்லுங்க. வாராவாரம் நீங்க ரெண்டு பேரும் அவர் எதிர்லயே உக்காந்து காபி குடிச்சிருக்கீங்க. அந்த வீட்டை நிஜமாவே அவங்களுக்குக் குடுக்கணும்னு அவருக்கு இருந்திருந்தா, உங்ககிட்ட ஏன் கையெழுத்து கேக்கலை?”

“அவர் யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டார்ப்பா. அது உனக்கே தெரியும்.”

“ஆணியைக்கூட அளவு பார்த்துப் பிரிச்சு வெச்சவர் இதை மட்டும் மறந்திருப்பாரா? எழுதிட்டு, அப்புறம் வேண்டாம்னு விட்டிருப்பார்.”

எங்கள் தெருவில் எல்லோருக்கும் பதில் தெரியும், ஆனால் எந்த நீதிமன்றத்தில் போய் அதைச் சொல்வது? ஒரு மனிதன் கூச்சத்தால் தன் பெண்டாட்டியைத் தெருவில் விட்டான் என்றால் யார் நம்புவார்கள்? போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாய்-லிஸ் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டைப் பற்றி அவள் பேசுவது குறைந்துவிட்டது. வேறொன்று அவளைத் தின்ன ஆரம்பித்தது. கடைக்குப் போகும் வழியில் திடீரென்று நின்று, “ஒருவேளை அவர் மனசு மாறியிருப்பாரோ இர்மா?” என்பாள். இல்லவே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். மறு வாரம் அதே கேள்வி. முப்பது வருஷத்துப் பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, அவர் அன்று சிரித்தது எந்தச் சிரிப்பு என்று என்னிடம் கேட்பாள். வீடு போனால் போகிறது என்றாவது சொல்லலாம். கூட வாழ்ந்தவனுக்கு நான் வேண்டியவளா இல்லையா என்று ஒருத்தி அறுபத்தெட்டு வயதில் சந்தேகப்படும்படி விட்டுப்போனவனைத் தங்கம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆறு மாதம் முடிவதற்குள் கென்னெத்தின் எதிர்ப்பு வந்துவிட்டது. மரியாதையாக எழுதியிருந்தான், அவசரம் இல்லை, கோடைத் திருவிழா வரை இருக்கலாம் என்று. அவள் வழக்காடவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறை வாடகை வீடு ஒன்றுக்குப் போனாள். அவள் தக்காளி வளர்த்த கண்ணாடிக் குடிலைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் கென்னெத் கார் நிறுத்துகிறான். ஜூலையில் இரண்டு வாரம் வந்து தங்குகிறான். மற்ற மாதங்களில் அந்த வீடு இருட்டிக் கிடக்கிறது. எதிரே எங்கள் சமையலறை ஜன்னல். திரையைப் போட்டேதான் சமைக்கிறேன்.

கென்னெத்தின் எதிர்ப்பு வந்த வாரமே நானும் ஸ்டெல்லானும் எங்கள் உயிலை எழுதினோம். சாட்சிக்கு மூலை வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன், காபி ஆறும் முன்னால் வேலை முடிந்துவிட்டது. பிறகு தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, எழுதிவிட்டீர்களா, சாட்சிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தவர்களும் உண்டு. சாவு பேச்சை எடுத்துக்கொண்டு வருகிறாளே என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். எழுதினால் சாவு வந்துவிடாது, எழுதாமல் இருந்தாலும் அது வராமல் இருக்கப்போவதில்லை என்று சாத்திய கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் மாய்-லிஸ் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். அவள் ஒரு காகிதம் எழுதியிருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டெல்லான் மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனார். நான் அழுதுகொண்டே போட்டதில் என் கையெழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டது.

ஜூலையில் கென்னெத் அவள் அறைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். மறுபடியும் பூங்கொத்து, மறுபடியும் ஷூவைக் கழற்றினான். ஹோல்கர் படுத்திருக்கும் குடும்பக் கல்லறையின் உரிமை இப்போது அவன் பெயருக்கு மாறியிருக்கிறதாம். அவன் கையெழுத்துப் போட்டால் மாய்-லிஸையும் அதில் வைக்கலாம், கல்லில் அவள் பெயருக்கும் இடம் இருக்கிறது. பெரியப்பாவுக்காக இதையாவது செய்யலாம் என்று தோன்றிற்றாம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மாய்-லிஸ் அவனுக்குக் காபி ஊற்றினாள்.

“வேண்டாம் கென்னெத். சர்ச்சுக்குப் பின்னாடி பேர் இல்லாம எல்லாரோட சாம்பலையும் ஒண்ணாப் புதைக்கிறாங்கல்ல, அந்தத் தோப்புல என்னையும் போடச் சொல்லி எழுதிட்டேன். சாட்சியும் போட்டாச்சு.”

அவன் நிஜமாகவே குழம்பிப்போனான். பெரியப்பா பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டான்.

“அது உங்க இடம்ப்பா” என்றாள். “இன்னொரு தடவை காலி பண்ண எனக்குத் தெம்பு இல்லை.”