ஓபோவைத் தராமல் நான் தந்த புத்தகங்கள்

ஓபோ என்ற வாத்தியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும். மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் நினைவில் இருக்கின்றன. ஒன்று அந்த வாத்தியத்தின் வரலாறு. இன்னொன்று மூச்சையும் சீவாளியையும் பற்றியது. மற்றொன்று சபைக்கு முன்னால் வாசிப்பதைப் பற்றியது. மூன்றும் நல்ல புத்தகங்கள். மூன்றையும் என் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் அந்த வாத்தியத்தைத் தொடக் கூடாது என்பதற்காக வாங்கிக் கொடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். எங்கள் பங்குக் கோயிலில் அப்போது ஒரு வெளிநாட்டுச் சாமியார் இருந்தார். பல வருடம் இந்தப் பக்கமே இருந்ததால் எங்களைவிடப் பணிவாக 'ங்க' போட்டுப் பேசுவார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பூசைகளில் பாடகர் குழுவோடு நின்று ஓபோ ஊதுவார். கறுப்பு மரக் குழல், உடம்பெல்லாம் விரலால் அழுத்தும் வெள்ளி நிறச் சாவிகள். நுனியில் நாயனத்துக்கு இருப்பது போல இரண்டு தட்டை சேர்த்துக் கட்டிய சீவாளி, ஆனால் வைக்கோல் போல மெலிந்தது. ஊரில் அதற்குச் 'சாமியார் நாயனம்' என்று பெயர். நாயனத்தைப் போல அது ஊரைக் கூட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கொஞ்சம் மூக்கடைத்த குரலில் மெதுவாகப் பேசுவது போலிருக்கும்.

உடம்புக்கு முடியாமல் அவர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, இத உங்க வூட்ல வுட்டுட்டுப் போறேனுங்க. நான் கொண்டுபோனா அங்க அலமாரியில தூங்கும். உங்க வூட்டம்மாவுக்குக் காது நல்லாருக்குது, மூச்சும் கெட்டி. அவங்க ஊதட்டும்" என்றார்.

என் மனைவி பாடகர் குழுவில் பாடுகிறவள். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எனக்குங்களா சாமி? நான் அடுப்ப ஊதுனதோட சரிங்க" என்றாள்.

"அதேதானுங்க. இதுல பொகை வராது, அவ்வளவுதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியின் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை நான் ரசிக்கவில்லை.

அவர் போனதும் பெட்டியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நாளிலேயே அவள் கேட்டாள். "ஏங்க, எப்பங்க ஆரம்பிக்கலாம்?"

"எடுத்தவொடனே ஊதற சாமானா அது? மொதல்ல அதப் பத்திப் படிக்கணும்."

ஆசிரியன் வாயிலிருந்து வரும்போது இது நியாயமாகத்தான் தோன்றும். அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். என் படிப்பின் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. நம்பினாள்.

காரணத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். அந்தச் சீவாளி அந்த மனிதரின் வாயில் இருந்தது. அதே துண்டை என் மனைவி உதட்டில் வைக்கப் போகிறாள் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எச்சில் என்ற அருவருப்பு. எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவர்களாகி, பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் நிலபுலம் வைத்திருந்த காட்டுக்கார வீட்டின் பழைய தீட்டுக் கணக்கு எதையும் நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. வாயால் ஊதுவது நாயனக்காரர்கள் செய்வது, வாத்தியார் வீட்டுப் பெண் செய்வதில்லை என்று எண்ணினேன். இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கம். வகுப்பில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறவன் நான். அதனால் சென்னையில் இருந்த ஒரு நண்பர் மூலமாகப் புத்தகம் வரவழைத்தேன்.

முதல் புத்தகம் வரலாறு. தடிமனானது. அதிலேயே அவள் களைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் என் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலை கொதிக்கிற நேரத்திலெல்லாம் படித்தாள். சாப்பாடு போடும்போது எனக்கே பாடம் நடத்தினாள்.

"இது நாயனத்துக்கு ஒறவு மொறையாமுங்க. அங்கெல்லாம் கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னால இதத்தான் மொதல்ல ஊதச் சொல்லுவாங்களாம். மத்த வாத்தியமெல்லாம் இது குடுக்கற சுருதிக்குச் சேந்துக்குமாம். இத்துனூண்டு கொழல், அத்தன பேரும் இது மூஞ்சியப் பாத்துகிட்டு நிக்கணுமாம்!"

"சரி, ரசம் ஊத்து" என்றேன்.

இரண்டாவது புத்தகம் வந்த அன்றே மாட்டிக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே, வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை என்று இருந்தது. அவள் விரலை அந்த வரியின் மேல் வைத்தபடி என்னிடம் கொண்டுவந்தாள்.

"இங்க என்னங்க போட்டிருக்குது? நான் சரியாத்தான படிக்கறேன்?"

"சீவாளி ரெண்டே ரெண்டுதான் இருக்குது. பழகறேன்னு ஊதித் தேச்சுட்டா அப்பறம் எங்க போயி வாங்கறது? கடத்தூர் சந்தையிலயா?"

சீவாளி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது உண்மை. அதே புத்தகத்தில் இருந்துதான் அதை எடுத்தேன். உண்மையாக இருந்ததால் அது நல்ல பொய்யாக உதவியது.

அவள் சலிக்கவில்லை. சப்பாத்திக் கட்டையில் கரியால் வட்டம் வட்டமாகப் போட்டு, புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து விரல் பழகினாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சப்பாத்திக்கு வேதப்பாட்டு சொல்லிக் குடுக்கறீங்களா? நாளைக்கு வட்டமா வருமா, ராகமா வருமா?" என்று கேட்டாள். "வா, மாவு பெசஞ்சு குடு, சொல்றேன்" என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த முறை கேட்டபோது, "கன்னத்த உப்பிக்கிட்டு அத்தன சனத்துக்கு முன்னால நிப்பியா? நல்லாவா இருக்கும்?" என்றேன். உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டேன். அவள் அதற்கும் புத்தகத்தை எடுத்தாள்.

"கன்னமே உப்பக் கூடாதாமுங்க. உதட்ட உள்ளாற மடிச்சு, பல்லுக்கு மேல போத்திக்கணுமாம். இந்தா, இப்பிடி."

உதட்டை மடித்துக் காட்டினாள். பல் போன கிழவி போல இருந்தது. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மூன்றாவது புத்தகத்துக்கு எழுதினேன்.

சபையில் வாசிப்பதைப் பற்றிய அந்தப் புத்தகத்தை அவள் மெதுவாகப் படித்தாள். கை நடுங்கினால் என்ன செய்வது, தப்பு விழுந்தால் எப்படி நிற்காமல் மேலே போவது என்றெல்லாம் அதில் இருந்தது. படிக்கப் படிக்க அவள் பேச்சு மாறியது. "ஊதுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் "ஊதறப்போ" என்று சொல்லத் தொடங்கினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊத வேண்டும் என்று அவள் மனதில் முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். வேறு எதையும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு சந்தை நாளில் கடத்தூர் போய்வந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாயனச் சீவாளியை எடுத்துக் காட்டினாள். அங்கிருந்த நாயனக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். வாயில் வைத்துப் பழகிக்கொண்டால் உதட்டுக்குப் பலம் வரும், நம் பெட்டியில் இருக்கிற சீவாளியும் வீணாகாது என்பது அவள் திட்டம்.

நான் கத்தினேன். "கண்டவன் எச்சில வாயில வெப்பியா? மானம் மரியாத ஒண்ணும் இல்லையா ஒனக்கு?"

"புதுசுங்க. யாரும் வாய் வெக்காதது. அவரே சொல்லித்தான் குடுத்தாரு" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "அப்ப சாமியாரு வாய் வெச்சதுன்னுதான் பெட்டியப் பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னும் நீ படிச்சு முடிக்கல, அதான்."

சீவாளியைத் திரும்ப முடிந்துகொண்டாள். சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் எந்த எச்சிலும் போய்விடும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நான் வேறொரு காரணம் தேடியிருப்பேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தில் புதிய பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, சாமியார் நாயனம் உங்க வூட்லதான் இருக்குதாமே. உங்க வூட்டம்மா இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊதுவாங்களா? கோயிற்பிள்ளை சொன்னாரு, படிச்சுகிட்டே இருக்காங்கன்னு."

"இல்லைங்க சாமி. இன்னும் பழகவே இல்ல. அவளுக்கு அவ்வளவா விருப்பமும் இல்லைங்க."

விருப்பம் உண்டா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

"அப்ப கான்வென்ட்ல புதுசா ஒரு சிஸ்டர் வந்திருக்காங்க, ஆர்மோனியமெல்லாம் வாசிப்பாங்க. அவங்க கைக்காவது போகட்டுமே" என்றார். அன்று மாலையே பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். "பெட்டிய சிஸ்டருக்குக் குடுத்துட்டேன். இங்க சும்மாதான கெடந்துச்சு" என்றேன்.

"ஆமாங்க. சும்மாதான் கெடந்துச்சு" என்றாள். களி கட்டி தட்டக் கூடாதே, கை நிற்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் எப்போதும் போலப் பாடினாள். ஈஸ்டருக்கு அந்த சிஸ்டர் எங்கள் கோயிலில் ஓபோ ஊதினார். சின்னப் பெண். முதல் பாட்டில் வாத்து கத்துவது போல இரண்டு முறை கீச்சிட்டது. சனங்கள் சிரித்தார்கள், சிஸ்டரும் சிரித்துவிட்டு ஊதினார். பூசை முடிந்து அவரைச் சுற்றி நின்று எல்லாரும் பாராட்டினார்கள். எச்சில் என்றோ, நாயனக்காரர் வேலை என்றோ ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் எந்த ஊருக்குப் பயந்தேனோ அந்த ஊர் அங்கே இல்லவே இல்லை. அது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

அவள் இறந்துபோய்ச் சில வருடம் ஆகிறது. அதுவரை ஒரு நாளாவது "நான் பொய் சொன்னேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். நினைத்தபோதெல்லாம், அவளே மறந்துவிட்டிருப்பாள், ஏன் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடந்ததை நினைத்தால், அவள் மறந்திருக்க வழியில்லை.

"இந்தப் புத்தகமெல்லாம் சிஸ்டருக்கு ஒதவுமுங்க. குடுத்துட்டு வந்துரலாம்" என்றாள் அவள். மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கான்வென்டுக்குப் போனோம். சிஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். புத்தகங்களைப் பார்த்ததும் துள்ளிவிட்டார்.

"அக்கா, இத்தனையும் நீங்க படிச்சிட்டீங்களா? நான் ஒண்ணுகூடப் படிக்கலியே! அப்ப நீங்கதான் ஊதணும். இந்தாங்க, ஒரு தடவ ஊதிக் காட்டுங்க" என்று சொல்லி, சீவாளியை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, குழலை நீட்டினார்.

என் மனைவியின் கை பாதி தூரம் போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கேள்விதான் இருந்தது. நான் தலையை மட்டும் அசைத்திருந்தால் போதும். அவ்வளவு நடந்த பிறகும், அந்த ஒரு அசைவில் எல்லாம் சரியாகியிருக்கும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

கையை இழுத்துக்கொண்டாள். "அவரு சொல்றாருங்க சிஸ்டர், பஸ்ஸு போயிருமாம்" என்று சிரித்தபடியே சொன்னாள்.

பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. கான்வென்ட் சுவரை ஒட்டித்தான் நிறுத்தம். புளியமர நிழலில் நின்றோம். உள்ளே சிஸ்டர் மறுபடி பழகத் தொடங்கினார். ஒரு பாட்டின் இரண்டாவது அடியில் ஒவ்வொரு முறையும் திணறி நின்றது. திரும்ப முதலில் இருந்து தொடங்கும், அதே இடத்தில் நிற்கும்.

"பாவம், சின்னப் பொண்ணு. மூச்சு பத்தல" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"பத்தாம இல்லீங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "இதுல ஓட்டை ரொம்பச் சின்னது. இழுத்த காத்து செலவாகாம உள்ளயே தங்கிப் போயிரும். அத மொதல்ல வெளிய வுட்டுட்டுத்தான் அடுத்த மூச்ச இழுக்கணும். இல்லாட்டி மூச்சு இருந்தும் தெணறும். யாராவது சொன்னாத் தேவல."

"நீயே போயிச் சொல்லிட்டு வாயேன். பஸ் வர நேரமிருக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இருக்குதுங்களா?" என்றாள்.

உள்ளே அந்த இரண்டாவது அடி மறுபடி திணறி நின்றது. நாங்கள் அங்கேயே நின்றோம். பஸ் வந்தபோது கூட்டமாக இருந்தது. நான் முதலில் ஏறி அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தேன்.