ரேகை தேய்ந்த விரல்களும் ஞானமுத்து ஏட்டையாவும்

துறைமுக வாசலில் காலைப் பணியில் நின்றிருந்தேன். சைக்கிளில் வந்த காவலர் இறங்காமலே, “அண்ணாச்சி, நம்ம ஏட்டையா போயிட்டாவ” என்றார். தலைமைக் காவலர் ஞானமுத்துவும் நானும் ஒரே நாளில் காக்கி உடுத்தியவர்கள். அவர் சாத்தான்குளத்து வாத்தியார் மகன். அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

புதுத் துறைமுகம் வந்த சமயம். சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியில் பெட்டியைத் திறந்து செம்புக் கம்பியை யாரோ எடுத்துவிட்டார்கள். சங்கு குளிக்கும் சூசையை அந்தப் பக்கம் பார்த்ததாகக் கிட்டங்கி மேஸ்திரி சொன்னார். பிடித்து வந்தோம். “சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட வையி” என்று இன்ஸ்பெக்டர் லத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பொருள் சூசைக்கும் தெரியும். “நான் எடுக்கல்ல ஐயா” என்று சுவரோடு ஒட்டி நின்றான்.

ஏட்டையா லத்தியைத் தொடவில்லை. நேராகக் கிட்டங்கிக்குப் போனார். முந்தின நாள் பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி அது. ஈரம் காயுமுன் மூடியைப் பிடித்துத் தூக்கிய நான்கு விரல்கள் வரிவரியாகப் பதிந்திருந்தன. திரும்பி வந்து சூசையின் விரல்களை மையில் ஒற்றித் தாளில் பதித்தார். பத்தும் வெறும் கறுப்புத் திட்டுகள். பாறையும் சங்கும் தடவித் தடவி ரேகையே தேய்ந்து போயிருந்தது. பெட்டியில் வரிவரியாகப் பதிந்தது இவன் விரல் இல்லை.

பிறகு கிட்டங்கி ஆட்கள் எல்லாரையும் ரேகை பதிக்க வரச் சொன்னார். “மேஸ்திரியையுமா?” என்று காதோரம் கேட்டேன்.

“ஏலே, அவனுக்கு விரல் இல்லையா?”

பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் மூன்றாவது தாளில் நின்றுவிட்டார். அது மேஸ்திரியுடையது. மறுக்க வாயெடுத்த மேஸ்திரி, தாளைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். கம்பி அவர் வீட்டு விறகுக்கு அடியில் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் லத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

சூசையை அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கும்போது ஏட்டையா சொன்னார்: “ஒரு காலத்துல மெஷின் வந்துரும் பாரு. ரேகையைக் காட்டுனா ஆளு இன்னாருன்னு சொல்லிரும். அடிச்சுக் கேக்க வேண்டிய வேலையே இருக்காது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஆனா சூசை மாதிரி ரேகை தேஞ்சவன் வந்து நின்னா, இப்படி ஒரு ஆளே இல்லன்னு அது சொல்லும். அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாத்துப் பேச ஸ்டேஷன்ல ஒருத்தன் வேணும்லா?”

மையும் கண்ணாடியும் மட்டுமே வைத்திருந்த மனிதர், இன்னும் வராத ஒன்றைப் பார்த்தார்; அதன் குறையையும் பார்த்துவிட்டார்.

அந்த மெஷின் எங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மூஞ்சியைப் பார்த்துப் பேசும் அவர் விதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்று அவர் அடக்கம் முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது, யாரோ பிடித்து வந்த ஒருவன் தரையில் குந்தியிருந்தான். “எந்திரிச்சு பெஞ்சுல உக்காருப்பா,” என்றேன். “என்ன நடந்துச்சு, நீ சொல்லு.”