மயிலின் கழுத்தைத் தின்ற தூண்

"ஏய் கோழி, நம்ம பள்ளிக்கூடத்துத் தரைய மூடறாங்களாம்டி, போய்ப் பாரு" என்று கூடப் படித்தவள் போனில் சொன்னாள். சொன்னவள் வரவில்லை. முழங்கால் வலியாம்.

செவ்வாய்ப்பேட்டையின் அந்தப் பழைய கட்டடம் இப்போது ஜவுளிக்கடை. உயரமான மர ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். அங்கே சேலை டிசைன் பள்ளி நடந்தது என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்போது கீழ்க்கூடத்துத் தரை முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகச் சின்னக் கட்டங்கள். பெரிய டிசைனை நாங்கள் முதலில் அதில்தான் சாக்பீஸால் வரைவோம். ஒரு கட்டம் ஓர் இழை. பிறகு எண்ணி எண்ணி கிராப் தாளில் ஏற்றுவோம். கூடத்தின் நடுவே ஒரு கல்தூண். அதன் அடியில் மறைந்த கட்டங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். மயில் வரைந்த அன்று நான் எண்ணவில்லை.

இளம்பிள்ளையிலிருந்து நெசவுக்காரர் அதைப் பார்த்து நெய்த சேலையோடு வந்து முந்தானையை உதறினார். "ஏனுங்க அம்மணி, இது மயிலுங்களா, கோழிங்களா?"

மயிலுக்குக் கழுத்தே இல்லை. நான் நாமக்கல்காரி வேறு. "அவ ஊர்ல பூராக் கோழிப்பண்ண. மயில அவ எங்க கண்டா?" என்றாள் இதே போன்காரி. கூடமே சிரித்தது. சாக்பீஸை எறிந்தேன், தூணில் பட்டு நொறுங்கியது. "இத நீங்களே கட்டிக்கங்க" என்று நெசவுக்காரர் சேலையை என்னிடமே போட்டுவிட்டுப் போனார்.

அதைத்தான் இப்போது கடைக்குக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கூடத்தில் பளபளப்பான வெள்ளை டைல்ஸ். தூணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பழைய தரை மிச்சம். "இதையாவது விடுங்க" என்றேன்.

"பாதி பழசு, பாதி புதுசுன்னு கடை நடத்த முடியுங்களா? வேணும்னா ஒரு கல்லப் பேத்துத் தரச் சொல்றனுங்க."

கொத்தனார் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். கட்டத்தின் மூலை பொடியாக உதிர்ந்தது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"கல்லு வேண்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். ஒடைக்காம மேலயே ஒட்டித் தொலைங்க."

முழுசாக அடியில் கிடக்கட்டும். கொத்தனார் கலவையைப் பரப்பி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். கடைக்காரர் நாற்காலி போடச் சொன்னார். உட்காரவில்லை.